"தைலம் வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்த சீட்டு: ஐந்து மாதக் குழந்தையும் பெப்பர்மின்ட் எண்ணெயும் – ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், தேதி தவிர்த்திருக்கிறேன். மருத்துவ விவரங்கள் கேஸ் ஷீட்டில் இருந்தபடியே.

பின்னணி

ஐப்பசி அடைமழைக் காலம். தென்மாவட்டம் ஒன்றின் தாலுகா அரசு மருத்துவமனை. குழந்தைகள் பிரிவுக்கு மருத்துவர் நான் ஒருவர்தான்.

குழந்தைக்கு ஐந்து மாதம். ஆண், எடை 6.4 கிலோ. நிறைமாதத்தில் பிறந்தவன், தாய்ப்பால் மட்டுமே குடிப்பவன், தடுப்பூசிகள் எல்லாம் அந்தந்த நாளில் போடப்பட்டவை. தலைப்பிள்ளை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த அம்மா இன்னும் அங்கேயே இருந்தார். வீட்டில் அம்மாச்சி, தாத்தா, தாய்மாமன்.

திங்கட்கிழமை காலை ஓபிக்கு வந்தார்கள். இரண்டு நாளாக மூக்கொழுகல். ராத்திரியில் மூக்கு அடைத்துக்கொள்வதால் பால் குடிக்கும்போது விட்டு விட்டுக் குடிக்கிறான். காய்ச்சல் இல்லை, நெஞ்சில் இரைச்சல் இல்லை, விலா உள்ளே இழுக்கவில்லை. சாதாரணச் சளி. உப்புநீர்ச் சொட்டு எழுதினேன்: பாலூட்டுவதற்கு முன் மூக்கின் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு. கூடவே "தைலம் கியிலம் எதுவும் தேய்க்காதீங்கம்மா" என்று சொல்லி, சீட்டின் அடியில் "தைலம் வேண்டாம்" என்றும் எழுதினேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அந்த அறிவுரைக்கு நான் கொடுத்த நேரம் இரண்டு நொடி இருக்கும்.

புதன்கிழமை இரவு, வீட்டில்

வீட்டார் மூவரிடம் தனித்தனியாகக் கேட்டுத் தொகுத்தது இது.

இரவு எட்டரை மணிக்கு மேல் குழந்தை மூக்கடைப்பால் அழுதுகொண்டே இருந்தான். உப்புநீர்ச் சொட்டு மாலையோடு தீர்ந்திருந்தது. நீலகிரித் தைலம் வீட்டில் இருந்தது. அதை டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் அம்மாச்சி அதை எடுக்கவில்லை. போன மாதம் மகன் ஊட்டிக்குப் போய்வந்தபோது வாங்கிய ஒரு சின்னப் பாட்டில் அலமாரியில் இருந்தது. புதினா எண்ணெய் என்று மகன் சொல்லியிருந்தான். தலைவலிக்கு அம்மாச்சியே இரண்டு தடவை தேய்த்துப் பார்த்து, சுகமாக இருக்கவே வைத்திருந்தார்.

அதை விரல் நுனியில் தொட்டு, குழந்தையின் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே தடவினார். மிச்சத்தை நெஞ்சில், சட்டைக்கு அடியில். எவ்வளவு என்று கேட்டபோது "ஒரு சொட்டுதான்" என்றார். பாட்டிலைத் திறந்து காட்டச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதன் வாயில் சொட்டுமூடியே இல்லை. விரலை வைத்துக் கவிழ்த்துத்தான் எடுக்க முடியும். விரல் நுனி முழுக்க நனைந்துவிடும்.

தடவிய ஒரு நிமிடத்துக்குள் குழந்தையின் அழுகை பாதியில் அறுந்தது. வாய் திறந்தபடி இருக்க, சத்தம் வரவில்லை. உடம்பு விறைத்தது. உதடு நீலம் பாய்ந்ததாகத் தாய் சொன்னார். அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினார். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். எவ்வளவு நேரம் என்பதில் மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். மாமனின் கணக்கு "இருபது முப்பது எண்ணுற நேரம்". பிறகு ஒரு கீச்சென்ற இழுப்போடு மூச்சு திரும்பியது. ஆட்டோ பிடித்து ஒன்பதேகாலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வார்டில் நாங்கள் கண்டது

கதவு திறந்ததுமே மிட்டாய் வாசனை. "டாக்டர், பெப்பர்மின்ட் வாசமா வருது" என்று பணியிலிருந்த செவிலியர்தான் முதலில் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. என் கண் குழந்தையின் தொண்டைக்குழியில் இருந்தது. ஒவ்வோர் உள்மூச்சுக்கும் அது குழிந்தது, கூடவே மெல்லிய கீச்சொலி. அழுகைக் குரல் கம்மியிருந்தது. ஆக்சிஜன் அளவு 91, மூச்சு நிமிடத்துக்கு 54, நாடி 168, வெப்பம் 99.4. கண்ணில் நீர் வழிந்தது. மேலுதடும் மூக்கடியும் சிவந்திருந்தன. நினைவு தெளிவாக இருந்தது, தாயின் முகத்தைப் பார்த்தான். நுரையீரல் இரு பக்கமும் காற்று நன்றாகப் போனது. சர்க்கரை 88.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடிய பட்டியல்: பால் புரையேறியது, குரூப் எனப்படும் குரல்வளை வீக்கம், மூச்சுநுண்குழல் அழற்சியில் வருகிற மூச்சு நிறுத்தம், வலிப்பு, ஏதாவது பொருள் தொண்டையில் சிக்கியது. தைலம் அந்தப் பட்டியலில் இல்லை. நான்தான் வேண்டாம் என்று சொல்லியாயிற்றே.

ஆனாலும் வழக்கப்படி கேட்டேன்.

"மூக்குல, நெஞ்சுல ஏதாச்சும் தேச்சீங்களாம்மா?"

"ஒண்ணுமே தேய்க்கல டாக்டர். நீங்கதான் தைலம் வேணாம்னு சொல்லிட்டீங்களே" என்றார் அம்மாச்சி.

அவர் பொய் சொல்லவில்லை. இது புரிய எனக்கு மறுநாள் வரை ஆனது. அப்போதைக்கு நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். செவிலியர் விடவில்லை. குழந்தையின் மேலுதட்டருகே குனிந்து முகர்ந்துவிட்டு, "அப்ப இந்த வாசம் எதுலேர்ந்து வருதும்மா?" என்றார்.

"அதா? அது புதினா எண்ணெய்ல்ல. சட்னிக்கு அரைக்கிற புதினா. தைலமில்ல சிஸ்டர்."

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதலில் செய்தது பாதி தவறு. குழந்தையைத் தாயின் மடியிலேயே நிமிர்த்தி உட்கார வைத்தோம், அது சரி. ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தருகே பிடித்தோம்; அதுவும் சரி. ஆனால் எண்ணெய் ஊறிய சட்டை அப்படியே இருந்தது. அந்த எண்ணெயில் சில்லென்ற உணர்வைத் தருகிற பொருள் மென்தால். உடல் சூட்டில் ஆவியாகி மேலே வருகிற அது நேரே மாஸ்க்கின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஆக்சிஜன் அளவு 96க்கு ஏறியும் கீச்சொலி குறையவில்லை. நாலைந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. சட்டையைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வெளியே வைத்தோம். காய்ந்த பஞ்சால் எண்ணெயை ஒற்றியெடுத்து, பிறகு வெதுவெதுப்பான நீரும் சோப்பும் கொண்டு நெஞ்சையும் கழுத்தையும் கழுவினோம். எண்ணெய் நீரில் கரையாது என்பதால் வெறும் தண்ணீர் மட்டும் விட்டால் பரவத்தான் செய்யும். மூக்கடியை உப்புநீரில் நனைத்த பஞ்சால் பலமுறை துடைத்தோம்; மூக்குக்குள் உப்புநீர்ச் சொட்டு விட்டோம். சன்னலைத் திறந்தோம்.

அப்போதும் வாசனை போகவில்லை. பார்த்தால், அம்மாச்சி குழந்தையின் கையைப் பிடித்தபடி நிற்கிறார். அவர் விரலில் எண்ணெய் அப்படியே இருந்தது. குழந்தையின் உள்ளங்கைக்கும் ஏறியிருந்தது. அந்தக் கையால்தான் அவன் கண்ணைக் கசக்கியிருக்கிறான். அம்மாச்சியைச் சோப்புப் போட்டுக் கைகழுவ அனுப்பினோம். தாயும் சேலையை மாற்றிக்கொண்டார். குழந்தையின் இரு கண்களிலும் உப்புநீரைப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டோம்.

செய்யாமல் விட்டவையும் முடிவுகள்தான். நாக்கை அழுத்திப் பிடித்துத் தொண்டையைப் பார்க்கவில்லை: ஏற்கெனவே இறுகியிருக்கும் குரல்வளையைச் சீண்டினால் முழுதாக மூடிக்கொள்ளலாம். வாந்தி எடுக்க வைக்கவில்லை, இரைப்பையைக் கழுவவில்லை: வாய்க்குள் போயிருந்தாலும் மிகக் கொஞ்சம்தான் போயிருக்கும், அது மேலே வரும் வழியில் நுரையீரலுக்குள் இறங்கினால் ரசாயன நிமோனியா. படுக்க வைக்கவில்லை. முதல் இரண்டு மணி நேரம் பாலும் கொடுக்கவில்லை, புரையேறும் என்ற பயத்தால்.

நெபுலைசரில் கொடுக்க அட்ரினலினை எடுத்து வைத்தோம். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பேக் மாஸ்க்கும், மூச்சுப்பாதைக்குள் செலுத்தும் 3.5 அளவுக் குழாயும் படுக்கையருகே வந்தன. மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்ற கேள்வி இருந்தது. மழையில் ஒன்றேகால் மணி நேரப் பயணம், வழியில் மூச்சு மீண்டும் நின்றால் ஆம்புலன்ஸில் செய்யக்கூடியது குறைவு. ஒரு மணி நேரக் கெடு வைத்துக்கொண்டோம். அதற்குள் கீச்சொலி நிற்காவிட்டாலோ ஆக்சிஜன் இல்லாமல் 94க்கு மேல் நிற்க முடியாவிட்டாலோ அனுப்புவது. சட்டையும் கையும் சுத்தமான இருபதாவது நிமிடத்தில் கீச்சொலி அழும்போது மட்டும் என்று குறைந்தது. பத்தரைக்கு அதுவும் இல்லை. அட்ரினலின் தேவைப்படவில்லை.

ஏன் இப்படி நடந்தது

மென்தால் குளிர்ச்சி தருவதில்லை. குளிர்கிறது என்று நரம்பை நம்பவைக்கிறது. தோலிலும் மூக்கின் உள்சவ்விலும் குளிரை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு வாயில் இருக்கிறது. உண்மையான குளிர் பட்டாலும் திறக்கும், மென்தால் பட்டாலும் திறக்கும். 2002இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். வெப்பம், தொடுகை ஆகியவற்றை உணரும் வாயில்களைக் கண்டறிந்ததற்காக 2021இன் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. மென்தாலை முகர்ந்ததும் மூக்கு திறந்துகொண்டதாகத் தோன்றுவதும் இந்த ஏமாற்றத்தால்தான். அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கு அந்தத் தோற்றமே ஆறுதல். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள ஐந்து மாதக் குழந்தைக்குத் தெரியாது. ஆக, அவனுக்குக் கிடைக்க இருந்த நன்மை ஏறத்தாழ ஒன்றுமில்லை.

தீமை வேறு வழியில் வருகிறது. மூக்குச் சவ்வில் கடுமையான உறுத்தல் பட்டால் மூச்சை நிறுத்தி, குரல்வளையை மூடி, இதயத் துடிப்பைக் குறைக்கிற அனிச்சைச் செயல் ஒன்று உண்டு. 1870இல் கிராட்ச்மர் என்ற ஆய்வாளர் விலங்குகளில் இதை விவரித்தார். நீரோ புகையோ உள்ளே போகாமல் காக்கிற ஏற்பாடு அது. கைக்குழந்தைகளிடம் இது மிக வலுவாக இருக்கிறது; போதாக்குறைக்கு முதல் மாதங்களில் அவர்கள் பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கிறார்கள். ஐரோப்பிய மருந்து முகமை இரண்டு வயதுக்குக் கீழே பெப்பர்மின்ட் எண்ணெய் கூடாது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

"ஒரு சொட்டுதானே" என்ற வாதம் இந்த இடத்தில் செல்லாது. ஒரு சொட்டு எண்ணெயில் இருக்கும் மென்தால் பதினைந்து, இருபது மில்லிகிராம் அளவுதான். உள்ளே போய் நஞ்சாகிற கணக்கு வேறு. இங்கே மூக்கின் வாசலில் வைத்ததே போதுமானதாக இருந்தது.

மற்ற சாத்தியங்களை எப்படி விலக்கினோம்? தடவிய ஒரு நிமிடத்துக்குள் தொடங்கியது. தடவிய இடத்திலேயே சிவப்பு. எண்ணெயை அகற்றியதும் ஒரு மணி நேரத்தில் சரியானது. குரூப்பாக இருந்தால் அந்த வேகத்தில் இறங்காது, நள்ளிரவில் கூடும். மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவு. மீண்டும் மூச்சு நிற்கவில்லை. சளியால் ஏற்கெனவே உறுத்தலில் இருந்த சவ்வு என்பதால் எதிர்வினை கூடுதலாக இருந்திருக்கலாம்.

பாட்டில்

வியாழன் காலை மாமன் பாட்டிலைக் கொண்டுவந்தார். பத்து மில்லி, பழுப்பு நிறக் கண்ணாடி. லேபிளில் ஓர் இலைப் படம், "100 சதவீதம் தூய இயற்கை" என்ற வரி, விலை. செடியின் தாவரப் பெயர் இல்லை, தயாரிப்பு எண் இல்லை, தேதி இல்லை, நீர்த்துப் பயன்படுத்தவும் என்றோ குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்றோ ஒரு சொல் இல்லை. பின்புறம் தலைவலி, சளி, செரிமானம், பல்வலி, முடி உதிர்தல் என்று ஒன்பது நோய்களின் பெயர் மட்டும் இருந்தது. ஊட்டிக்குப் போய் தைலம் வாங்காமல் வருகிறவர்கள் குறைவு. நீலகிரித் தைலத்தோடு சிட்ரோனெல்லா, ஜெரேனியம், வின்டர்கிரீன் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இவற்றில் வின்டர்கிரீன் எண்ணெயைச் சிறு பிள்ளை ஒரு தேக்கரண்டி குடித்தால் உயிருக்கே ஆபத்து. அதிலிருக்கும் சாலிசிலேட் ஏழு கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். அந்தப் பாட்டிலும் பார்வைக்கு இதே போலத்தான் இருக்கும்.

பழைய வீட்டுச் சோதனை ஒன்றைச் செய்து பார்த்தோம். வெள்ளைக் காகிதத்தில் இந்த எண்ணெயில் ஒரு சொட்டு, பக்கத்தில் தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு. மாலைக்குள் முதல் சொட்டு தடயமே இல்லாமல் பறந்துவிட்டது. இரண்டாவது பிசுக்காக நின்றது. அதாவது அடிப்படை எண்ணெய் எதுவும் கலக்காத முழு வீரியம். குடும்பத்தார் இதைத் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஆபத்தும் அதே அளவுக்கு முழுசு என்று விளக்க வேண்டியிருந்தது.

அடுத்தது புதினா என்ற பெயர். நாம் சட்னிக்கு அரைக்கும் இலை பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதன் மணம் கார்வோன் என்ற பொருளால் வருவது. மென்தால் அதில் அற்பம். பெப்பர்மின்ட் என்பது அந்த ஸ்பியர்மின்ட்டும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்த கலப்பினம். விதை பிடிக்காது, வேர்த்தண்டை நட்டுத்தான் வளர்க்க வேண்டும். அதன் எண்ணெயில் மென்தால் 30 முதல் 50 சதவீதம் வரை. மூன்றாவது ஒன்று, உத்தரப் பிரதேசத்தில் பாரபங்கி, சம்பல், ராம்பூர் பக்கம் ஏக்கர் ஏக்கராகப் பயிராகும் மெந்தா. அதன் எண்ணெயில் மென்தால் 70 சதவீதத்துக்கும் மேல். அதைக் குளிரவைத்துத்தான் நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கிடைக்கும் படிகங்களைப் பிரிக்கிறார்கள். லேபிளில் தாவரப் பெயர் இல்லாத பாட்டிலில் இவற்றுள் எது இருந்தாலும் புதினா எண்ணெய்தான்.

இன்னொரு கணக்கு அம்மாச்சிக்கு உடனே பிடிபட்டது. காய்ந்த பெப்பர்மின்ட் இலையில் எண்ணெய் ஒன்று முதல் இரண்டரை சதவீதம். அந்தச் சின்னப் பாட்டிலை நிரப்ப நானூறு கிராமிலிருந்து ஒரு கிலோ வரை காய்ந்த இலை வேண்டும். "ஒரு கிலோ காஞ்ச இலைன்னா ஒரு சாக்குல்ல டாக்டர்" என்றார். ஆமாம், ஒரு சாக்கு.

தொடர்ந்து நடந்தது

குழந்தையை 36 மணி நேரம் வைத்துப் பார்த்தோம். முதல் இரவு மானிட்டரோடு. பதினொன்றரைக்குத் தாய்ப்பால் குடித்தான், புரையேறவில்லை. எண்ணெய் உள்ளே போயிருந்தால் வலிப்போ மயக்கமோ வரலாம் என்பதற்காகக் கவனித்தோம்; வரவில்லை. கண் மருத்துவர் பார்த்தார். கருவிழியில் புண் இல்லை. உதட்டின் மேலிருந்த சிவப்பு இரண்டாம் நாள் மங்கியது. குரல் கம்மல் ஒரு வாரத்தில் நடந்த மறுபரிசோதனையில் இல்லை.

உடம்பைவிட வீடு ஆற நாளானது. தாய் இரண்டு நாள் தன் அம்மாவிடம் பேசவில்லை. அம்மாச்சி வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், குழந்தையைத் தூக்கவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டு, மகளின் முன்னாலேயே நான் சொன்னது இதுதான்: "டாக்டர் சொன்னதை மீறி நீங்க எதுவும் செய்யலம்மா. நான் சொன்னது உங்களுக்குப் போய்ச் சேரல." மரியாதைக்காகச் சொன்னதல்ல. திங்கட்கிழமைச் சீட்டை எடுத்துப் பார்த்தபோது எனக்கே தெளிவாகத் தெரிந்தது. "தைலம்" என்று எழுதும்போது என் மனதில் இருந்தது மூக்கை அரிக்கிற அத்தனை எண்ணெய்களும். அவர் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஒன்றே ஒன்று: பச்சை லேபிள் போட்ட நீலகிரித் தைலம். அதை அவர் உண்மையிலேயே தொடவில்லை. நான் தடுத்த பாட்டிலுக்குப் பதிலாக, தடுக்காத பாட்டிலை எடுத்தார். ஒருவேளை நான் எதுவுமே சொல்லாமல் இருந்திருந்தால் நீலகிரித் தைலத்தைத் தேய்த்திருப்பார். அதிலும் ஆபத்து உண்டு. ஆனால் மூக்கடியில் முழு வீரியத்தில் மென்தால் வந்ததற்கு என் சீட்டுக்கும் பங்கு இருக்கிறது.

மிச்ச எண்ணெயை என்ன செய்வது

வீட்டுக்குப் போகும் நாளில் மாமன் கேட்டார்: கொட்டிவிடலாமா? எனக்குக் கொட்டச் சொல்ல மனமில்லை. பெரியவர்களுக்கு உண்மையாகப் பயன்படுகிற பொருள் அது. பயமுறுத்தி அனுப்பினால் அடுத்த தடவை எங்களிடம் மறைப்பார்கள். அதனால் ஆளுக்கொரு கேள்வியாக எடுத்துக்கொண்டோம்.

அம்மாச்சியின் தலைவலிக்கு: இறுக்கமாகக் கட்டியது போல வருகிற தலைவலிக்கு நெற்றியிலும் பொட்டிலும் 10 சதவீதக் கரைசல் உதவும் என்று ஜெர்மனியில் ஆய்வு நடந்திருக்கிறது. வீட்டில் அந்த அளவுகூட வேண்டாம். முப்பது மில்லி தேங்காயெண்ணெய்க்கு ஆறு முதல் பன்னிரண்டு சொட்டு, அதாவது ஒன்று முதல் இரண்டு சதவீதம். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். கண்ணுக்கு அருகே போகக் கூடாது, தேய்த்ததும் கை கழுவ வேண்டும், அதற்குமுன் குழந்தையைத் தூக்கக் கூடாது.

மாமனுக்கு வயிறு. சாப்பிட்டதும் முறுக்கிப் பிடித்துக் கழிவறைக்கு ஓடவைக்கும் குடல் எரிச்சல் நோய் என்று முன்பே சொல்லப்பட்டவர். வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கச் சொல்லிக் கடைக்காரர் ஆலோசனை கொடுத்திருந்தார். அந்த நோய்க்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் வேலை செய்கிறது என்பது உண்மைதான். குடல் தசையைத் தளர்த்துகிறது, 2021இல் அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதலிலும் அது இடம்பெற்றது. ஆனால் ஆய்வுகளில் கொடுத்தது, இரைப்பையைத் தாண்டிக் குடலில் போய்த் திறக்கிற உறையிட்ட கேப்சூல், ஒன்றில் 0.2 மில்லி. வெந்நீரில் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், வாயையும் உணவுக்குழாயையும் சுடும். உணவுக்குழாயின் அடிவாசலைத் தளர்த்தி நெஞ்செரிச்சலைக் கூட்டும். மாமனுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருந்தது. கேப்சூலையும் அவருடைய மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றேன். பித்தப்பைக் கல் இருப்பவர்களுக்கும் இது ஆகாது.

தாய் கேட்டது, தனக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் தேய்க்கலாமா என்று. பாலூட்டும் வரை வேண்டாம். குழந்தையின் மூக்கு வந்து நிற்கிற இடம் அதுதான்.

வைக்கும் இடம் பற்றியும் பேசினோம். அலமாரி என்று அவர்கள் சொன்னது பூஜை அலமாரி. பாட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த எண்ணெயின் ஆவி ஏறத்தாழ எழுபது டிகிரி சூட்டிலேயே தீப்பிடிக்கக் கூடியது. பூட்டுப்போட்ட இடத்தில், வெயிலும் சூடும் படாமல், நிமிர்த்தி வைக்கச் சொன்னோம். அடுத்த வருடம் அந்தக் குழந்தை நடப்பான். மிட்டாய் மணம் வீசுகிற பாட்டிலை வாயில் வைக்காத ஒன்றரை வயதுப் பிள்ளை இல்லை.

கடைசியில் அம்மாச்சிதான் முடிவெடுத்தார். "எனக்குத் தலைவலி வந்தா மாத்திரை போட்டுக்கிறேன். இது வீட்டுல இருக்க வேணாம்." பாட்டிலை எங்களிடமே விட்டுப் போனார்.

நாங்கள் மாற்றியவை

சீட்டில் "தைலம் வேண்டாம்" என்று எழுதுவதை நிறுத்தினேன். புதிய வரியை அந்தச் செவிலியர்தான் சொன்னார்: "மணக்கிற எதையும் குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தலையணையிலோ வைக்க வேண்டாம்." மருத்துவப் பாடப்புத்தகத்தில் இல்லாத சொல், ஆனால் கற்பூரம், ஓம உப்பு, உருட்டித் தேய்க்கிற ரோல்-ஆன், புதினா எண்ணெய், வெற்றிலையில் தடவிச் சூடுகாட்டி நெஞ்சில் ஒட்டுகிற தைலம் எல்லாவற்றையும் ஒரே பிடியில் பிடிக்கிறது. கற்பூரத்தை நான் தனியாகவும் சொல்கிறேன், ஏனென்றால் அது கைக்குழந்தைக்கு வலிப்பையே கொண்டுவரும்.

ஓபி மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்தோம். அதில் இந்தப் பொருள்கள் வரிசையாக, எல்லாம் மூடி ஒட்டப்பட்டவை. "தேச்சீங்களா?" என்று கேட்பதை விட்டு "இதுல எது உங்க வீட்ல இருக்கு?" என்று கேட்கிறோம். இல்லை என்று சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். விரல் தானாக ஒரு பாட்டிலைக் காட்டும். கேள்வி தாயோடு நின்றுவிடுவதில்லை, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் யாரோ அவரிடமும் போகிறது. உப்புநீர்ச் சொட்டு இரண்டு பாட்டிலாகக் கொடுக்கிறோம். அன்று இரவு அது தீராமல் இருந்திருந்தால் அலமாரி திறக்கப்பட்டே இருக்காது என்பது என் எண்ணம்.

வார்டில் ஒழுங்கு மாறியது. எண்ணெய் வாசனையோடு வருகிற குழந்தைக்கு, மூச்சு இருக்கும் வரை, சட்டை கழற்றுவதும் துடைப்பதும் ஆக்சிஜனும் ஒரே நேரத்தில், ஒருவருக்கு இருவராகச் சேர்ந்து. தூக்கிவந்தவர் கைகழுவுவதும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. புதுதில்லி எய்ம்ஸில் இரவு பகலாக இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் எண்ணை மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். அன்றிரவு அது எங்கள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு அம்மாச்சிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எடை 8.5 கிலோ, பிடித்துக்கொண்டு நிற்கிறான், குரல் வார்டையே கூட்டுகிறது. ஊசி போட்டு முடித்ததும் அம்மாச்சி சுருக்குப்பையைத் திறந்து ஒரு ரோல்-ஆனை எடுத்து மேசையில் வைத்தார்.

"பக்கத்து வீட்ல ரெண்டு மாசப் பிள்ளைக்கு வாங்கி வச்சிருந்தாங்க. இதுல தைலம்னு போடல, ஆனா மணக்குது. டாக்டரைக் கேட்டுட்டு வர்றேன்னு வாங்கியாந்துட்டேன்."

மூடியில் டேப்பைச் சுற்றி, தட்டில் ஊட்டிப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம்.